மூன்று ஏக்கர் சாவி

பயிர்ச்சேதம் பார்க்க வந்த அதிகாரி இளவழுதி, தமிழில் முதுகலை படித்தவர். வரப்பில் காத்திருந்த வேம்பாயி, "மூணு ஏக்கரும் சாவியாப் போச்சுங்க சார்" என்றாள்.

"எந்தச் சாவி? மோட்டார் கொட்டகைச் சாவியா? அது தொலைஞ்சா நிவாரணம் கிடையாதும்மா."

உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். வேம்பாயி ஒரு கதிரை ஒடித்து அவர் கையில் வைத்தாள். வெளுத்த கதிர், எடையே இல்லை. ஒரு நெல்லை நகத்தால் பிளந்தார். உள்ளே ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை.

"பால் புடிக்கிற நேரத்துல தண்ணி வரலிங்க. உள்ளயே செத்துப்போச்சு. செத்தது சாவிதானுங்களே?"

சாவி போர்த்துக்கீசியச் சொல் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர் அவர். சாவிலிருந்து வந்த இன்னொரு சாவி இருப்பது அன்றுவரை அவருக்குத் தெரியாது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து வேம்பாயி பதறினாள்.

"நான்தான் சார் புரியிறாப்ல சொல்லல. தப்பா எடுத்துக்காதீங்க."

இளவழுதியால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. காரிலிருந்து ஓட்டுநர் ஹாரன் அடித்தார். இளவழுதி செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு வயலுக்குள் இறங்கினார்.