தேயாத டயர்

"கரடி மார்க் டயரா? என் எதிரிக்குக்கூட அதை மாட்டச் சொல்ல மாட்டேன் முதலாளி!" என்றார் டிரைவர் மூத்த மாப்பிள்ளை.

பார்சல் கம்பெனி ஷெட்டில் காலை நேரம். பன்னிரண்டு வேன்களுக்கும் மொத்தமாகப் புது டயர் வாங்க வேண்டும். கடைக்காரர் பேச்சை நம்பி இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்ட முதலாளி, இந்த முறை ஓட்டுகிறவர்களையே நிற்க வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன், அதுல என்ன குறை?"

"மழையில பிரேக் அடிச்சா நான் ஒரு பக்கம் போறேன், வண்டி ஒரு பக்கம் போகுது."

"அது டயர் கோளாறு இல்லண்ணே, உங்க கால் கோளாறு" என்றார் சோடாபுட்டி. கண்ணாடி போட்ட டிரைவருக்கு ஷெட்டில் அதுதான் பெயர். "என்னைக் கேட்டா மூணு கோடு போட்ட டயர்தான் முதலாளி. ரோட்டுல கொஞ்சம் சத்தம் போடும், எங்க வீட்டுக்காரி மாதிரி. ஆனா நடுவழியில விட்டுட்டுப் போகாது."

எல்லாரும் சிரித்தார்கள். மூத்த மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கண் எதிரே நின்ற வேனின் மேலேயே இருந்தது. அது சின்ன மாப்பிள்ளையின் வேன்.

இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள்; அதனால்தான் ஷெட்டில் இந்தப் பெயர்கள். அக்காவைக் கட்டியவர் மூத்தவர், தங்கையைக் கட்டியவன் சின்னவன். இவர்தான் சகலையைக் கூட்டிவந்து இந்த வேலையில் சேர்த்துவிட்டார். சேர்த்துவிட்ட பாவத்துக்கு, தினமும் வீட்டில் ஒரே பல்லவி. 'என் தங்கச்சி வீட்டுக்காரரைப் பாருங்க, எப்பவும் சிரிச்ச முகம். அவளுக்கு வாஷிங் மெஷின் வாங்கிக் குடுத்துட்டாரு. நீங்களும் இருக்கீங்களே!' கேட்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். அந்தப் பயல் நன்றாக இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இதில் முதலாளி வேறு எட்டு மாதத்துக்கு முன் ஒரு கொக்கி போட்டிருந்தார். யார் டயர் குறைவாகத் தேய்கிறதோ, அவருக்குத்தான் அடுத்து வரும் புது ஏசி வேன். அந்தச் சாவி இப்போது முதலாளியின் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

"பேச்செல்லாம் போதும். பார்த்துடலாம்" என்று முதலாளி ஒரு தீக்குச்சியை எடுத்தார்.

ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து, டயரின் பள்ளத்தில் குச்சியை நட்டுப் பார்த்தார். சோடாபுட்டியின் டயரில் மருந்துத் தலையைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கியது. மூத்த மாப்பிள்ளையின் டயரில் மருந்துத் தலை மட்டும்தான் மறைந்தது. இரண்டு ஓரமும் மொழுக்கென்று தேய்ந்து கிடந்தன.

"என்னப்பா இது, தரை துடைச்ச மாதிரி இருக்கு?"

"நான்தான் சொன்னேனே முதலாளி, கரடி மார்க் சரியில்லைன்னு!"

சின்ன மாப்பிள்ளையின் டயரில் கால் குச்சி உள்ளே போனது. முதலாளி புருவத்தை உயர்த்தினார்.

"இது என்ன கம்பெனி?"

"இதுவும் கரடி மார்க்தாங்க" என்றான் சின்னவன். "அண்ணனும் நானும் ஒரே நாள்ல, ஒரே கடையில மாட்டினோம்."

மூத்தவர் குனிந்து அந்த டயரைத் தடவிப் பார்த்தார். இது எப்படி? நியாயமாகப் பார்த்தால் இவன் டயர்தானே முதலில் தேய்ந்து கந்தலாகியிருக்க வேண்டும்!

"இவனுக்கு நல்ல ரோடு குடுக்கறீங்க முதலாளி! எனக்கு மேடும் பள்ளமுமா குடுக்கறீங்க!"

"வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு பேருக்கும் ரூட்டை மாத்திக்கிட்டுதானே இருக்கேன்?"

"அப்ப லோடு கம்மியா ஏத்துவான்."

"என்னைவிட ரெண்டு மூட்டை கூடத்தான் ஏத்துவான்" என்றார் சோடாபுட்டி, கேட்காமலே.

முதலாளி சின்னவன் தோளில் கை வைத்தார்.

"அப்போ கம்பெனியில ஒண்ணும் இல்ல. உன் கையிலதான் ஏதோ இருக்கு. என்ன ரகசியம்? சொல்லு, எல்லாரும் கேட்டுக்கட்டும்."

சின்னவன் தலையைச் சொறிந்தான்.

"ரகசியமெல்லாம் இல்லீங்க. சொல்லப்போனா நான் பெரிய சோம்பேறி. மாசத்துக்கு ஒரு தடவை காத்து பார்த்தாலே அதிகம். ஆனா ஒரு எட்டு மாசமா, காலையில வந்தா ஏதாவது ஒரு சக்கரத்துல காத்து குறைஞ்சிருக்கு. வால்வைக்கூட மாத்திப் பார்த்தேன், நிக்கலை. அப்பதான் புரிஞ்சுது, யாரோ வேணும்னே இறக்கிவிடறாங்கன்னு."

"அடப்பாவி! சொல்ல வேண்டியதுதானே?"

"முதல்ல கோவம்தாங்க வந்துச்சு. அப்புறம், காத்து குறைஞ்சா டயர் ஓரம் சீக்கிரம் தேஞ்சுடுமேன்னு தினமும் அரை மணி முன்னாடியே வந்து, நாலு சக்கரத்துக்கும் காத்து பார்த்து, இடுக்குல மாட்டின கல்லைக் குத்தி எடுத்து, அதுவே பழகிப்போச்சு. அந்த மனுஷன் மட்டும் இல்லைன்னா என் டயரும் அண்ணன் டயர் மாதிரிதான் ஆகியிருக்கும். யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுந்து கும்பிடுவேன்."

முதலாளி சிரித்துக்கொண்டே புது வேன் சாவியை அவன் கையில் வைத்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

மூத்த மாப்பிள்ளையும் தட்டியாக வேண்டும். அவசரமாகக் கால்சட்டைப் பையிலிருந்து கையை உருவினார். எட்டு மாதமாகச் சகலை வண்டியின் வால்வை அழுத்திக்கொண்டிருந்த ஆணி, நறுக்கென்று அவர் விரலில் ஏறியது.