காலை நேரச் சத்தம்

"இந்த டக்டக் சத்தத்த இன்னிக்கே நிறுத்திடுங்க, தம்பி," என்றாள் தாமரை. கணவர் இறந்த மூன்றாம் மாதம், அவருடைய காரை மேரு ஊரில் இருக்கும் சிவநேசனின் பட்டறைக்கு முதன்முறையாக அவளே ஓட்டி வந்திருந்தாள்.

பானெட்டைத் திறந்தவன் சிரித்தான். "எக்சாஸ்ட் மேனிஃபோல்டுல, அதான் புகை போற இரும்புக் குழாயில, விரிசல்க்கா. காலையில இன்ஜின் குளிர்ந்து கெடக்கும்போது சத்தம் போடும். சூடானா இரும்பு விரிஞ்சு விரிசல் மூடிக்கும், சத்தம் தானா அடங்கிடும்."

"ஆறு வருசமா தெனமும் வாசலுக்கு ஓடி வந்து கத்துவேன் லா, பக்கத்து வீட்டுல தூங்குறாங்கன்னு. மனுசன் காதுலயே வாங்கல, கஞ்சப்பிசினாறி."

சிவநேசன் உள்ளே போய், தூசி படிந்த பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து திறந்தான். புத்தம் புது மேனிஃபோல்டு.

"அண்ணன் அப்பவே வாங்கிட்டாருக்கா. 'மாட்டிடாத, சத்தம் நின்னுட்டா நான் வேலைக்குப் போறப்ப அவ வாசல் வரைக்கும் வரமாட்டா'ன்னு சொல்லி இங்கயே வச்சிட்டுப் போயிட்டாரு."

தாமரை பெட்டியின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"இப்ப மாட்டிடவாக்கா?"

"நாளைக்கு வரேன்," என்று கார்ச் சாவியை எடுத்துக்கொண்டாள். "காலையில ஒரே ஒரு தடவை கத்திட்டு வந்துடறேன்."