ஆறு அட்டைச் சீட்டுகள்

அன்றும் காலை ரயிலால் இறங்கியவர்கள் மூன்றே பேர். இறங்குவோர் சீட்டைப் போட்டுவிட்டுப் போகும் வாசல் பெட்டியில் கிடந்தவையோ ஒன்பது. அவற்றில் ஆறு பழைய தடித்த அட்டைகள். போரால் ரயில் பாதை மூடப்பட்ட தொண்ணூறாம் ஆண்டுத் திகதி குத்தியிருந்தது. ரயில் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொள்ளும் சீலா ஒன்பது என்றே பதிந்தாள்.

"உதுகளைச் சேர்க்கேலாது அக்கா," என்றார் ஆள் எண்ண வந்த அதிகாரி. "எட்டுப் பேராவது இறங்கினால்தான் இனி ரயில் நிக்கும்."

"ரயில் முப்பத்தைஞ்சு வருசம் பிந்தினது அந்த ஆறு பேரின்ரை பிழையே, தம்பி?"

அவர் மூன்று என்று திருத்தினார்.

அடுத்த மாதம் ரயில் நிற்காமலே போயிற்று. அந்த மூவரும் சன்னலில் கைகாட்டிக் கத்திக்கொண்டே கடந்து போனார்கள். சீலா பெட்டியைக் கழற்றினாள். உள்ளே ஆறு அட்டைகள் கிடந்தன. அவற்றில் கைவியர்வை இன்னும் காயவில்லை.