ஏழாம் பீப்பாய்

ஏழாம் பீப்பாயின் கிளாஸ் அப்பாவின் கைக்குப் போவதற்குள் நான் ஏதாவது செய்தாக வேண்டும்.

அது கெட்டுவிட்டது. இரண்டடி தள்ளி நிற்கும் எனக்கே நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி அடிக்கிறது.

அப்பாவுக்கு அடிக்காது.

மில்லிக்கன் பகுதியில் இருக்கும் இந்த வேர்ஹவுசில் பீப்பாய்கள் மூன்று வரிசை. ஸ்பெயினிலிருந்து வரும் ஷெரி வைன் மேல் வரிசையில் வினாகிரியாகப் புளிக்கத் தொடங்கும். அடி வரிசையில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துப் போத்தலில் அடைப்பார்கள். எடுத்த இடத்தை நடு வரிசை நிரப்பும், நடுவை மேல் வரிசை. எந்தப் பீப்பாயும் முழுக்கக் காலியாவதில்லை. அடியில் கிடப்பது இருபது வருடத்து வினாகிரி.

எதைக் கீழே இறக்கலாம் என்று சொல்வது அப்பாவின் மூக்கு. அந்த மூக்குத்தான் என்னைப் படிக்க வைத்தது. எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. இங்கேயே லாபில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்.

போன ஞாயிறு சோறு அடிப்பிடித்து வீடெல்லாம் கருகல். அம்மா இறந்த பிறகு அப்பாதான் சமையல். அந்தப் பானைக்குப் பக்கத்தில் நின்றே வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கேட்டால் தடிமனாம், மூக்கடைப்பாம்.

பொய். எனக்கு விசர் வந்தது. பென்சனுக்கு இன்னும் இரண்டு வருடம், அதுவரை முதலாளியை ஏமாற்றிவிடலாம் என்று நினைக்கிறார்.

சற்று முன் ஐந்தாம் பீப்பாய்க்கு, அப்பாவோடு வேலை செய்யும் கஸ்பர் அங்கிள் கிளாசை நீட்டினார். விரல் முட்டியால் பீப்பாயை ஒரு தட்டுத் தட்டினார். அப்பா கண்ணை மூடி, நீளமாக மூச்சிழுத்து, "நல்லது" என்றார். ஆறாவதும் அப்படியே. முதலாளி குறித்துக்கொண்டார்.

என்ன நடிப்பு.

ஏழாவது கிளாஸ் வந்தது. கஸ்பர் அங்கிள் இரண்டு தட்டுத் தட்டினார்.

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கையை வீசி கிளாசைத் தட்டிவிட்டேன். சீமெந்துத் தரையில் சிதறியது.

யாரும் ஏசவில்லை. கஸ்பர் அங்கிள் என் முழங்கையைப் பிடித்துக் கதவடிக்குக் கூட்டிப்போனார்.

"பிள்ளை, அவருக்கு மணக்காதெண்டு முதலாளிக்கும் தெரியும். நாலு வருசமா நான்தான் மணந்து பாக்கிறன். அடி மண்டி கலங்காமல் இறக்க உன்ரை அப்பாவின்ரை கை வேணும், அவ்வளவுதான். இண்டைக்கு நீ நிக்கிறாய் எண்டுதான் இந்தத் தட்டும் கூத்தும். உனக்கு மட்டும் தெரியக்கூடாதாம்."

எனக்கு மட்டும் ஏன் என்று கேட்க வாயெடுத்தேன்.

நாலு வருடம்.

அந்தத் தை மாதம், கொரோனா லொக்டவுன் நேரம், வீட்டை விட்டு வெளிக்கிடாதே என்று அம்மா கத்தக் கத்த, மார்க்கம் நகரில் இருந்த சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போனேன். ஐந்தாம் நாள் எங்கள் வீட்டில் முதலில் இருமியது நான். பிறகு அப்பா. பிறகு அம்மா.

நானும் அப்பாவும் எழும்பினோம்.

திரும்பி வந்தபோது அப்பா எட்டாம் பீப்பாயின் கிளாசோடு நின்றார். ஒரு தட்டுக் கேட்டது. கண்ணை மூடி நீளமாக மூச்சிழுத்தார். பிறகு கிளாசை என் பக்கம் நீட்டினார்.

"என்ன மாதிரி மணக்குது, பாருங்க மகள்."

குனிந்தேன். அழுது மூக்கு அடைத்திருந்தது. எனக்கு ஒன்றுமே மணக்கவில்லை.

"நல்ல மணம் அப்பா" என்றேன்.