அம்மாவின் குறுக்கு விசாரணை

2005 தீபாவளி லீவு முடிந்து வைஜெயந்தி சென்னைக்குக் கிளம்பினாள். தாம்பரத்தில் தையல் கம்பெனி வேலை. மரக்காணம் பஸ் ஸ்டாண்டு வரை அம்மா அஞ்சம்மாளும் கூடவே வந்தாள். இந்தத் தடவை போகவிடமாட்டாள் போலிருந்தது.

"ரூம்ல எத்தினி பேருடி?" அம்மா ஆரம்பித்தாள்.

"மூணு பேரும்மா. எல்லாம் நல்ல பொண்ணுங்க."

"தண்ணி?"

"லாரியில வரும். சண்டை போட்டுத்தான் பிடிக்கணும்."

"இருட்டிட்டா எப்பிடி வருவ?"

"கம்பெனி வேன்லயே கொண்டாந்து விட்டுடுவாங்க."

"சூப்பர்வைசர் எப்பிடி?"

"கத்துவாரு. ஆனா நல்லவரு."

"ம்" என்று இழுத்த அம்மா, மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

வைஜெயந்திக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னும் எவ்ளோம்மா கேப்ப? உப்பளத்துல கால் புண்ணோட வெயில்ல நிக்க என்னால முடியாது. அங்க ஃபேனுக்கு அடியில உக்காந்து தைக்கிறேன். ஞாயித்துக்கிழமை பீச்சுக்குப் போறேன். என்னை இங்கியே கட்டிப் போட்டுடாதம்மா!"

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

சென்னை பஸ் வந்தது. மகளை முந்திக்கொண்டு ஏறிய அஞ்சம்மாள், ஜன்னலோர சீட்டைப் பிடித்து உட்கார்ந்தாள்.

"எங்கம்மா வர்ற?"

"உன் கம்பெனிக்குத்தான். எனக்கு மட்டும் கால்ல புண்ணு இல்லியா? உப்பள வேலையிலேருந்து நின்னுட்டேன். ஆறு மாசமா தையல் கத்துக்கினேன்."

வைஜெயந்தி பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

அம்மா அவள் காதருகே குனிந்தாள். "வயசானவங்களை வேலைக்கு எடுக்க மாட்டாங்களாமே? யாராவது கேட்டா உன் அக்கான்னு சொல்லிடு."