ஒரே அறையில் நின்ற பஸ்

"ஓடுற பஸ்ஸை ஒத்தைக் கையால அடிச்சு நிறுத்தினேன்மா! எல்லாம் உன் கைராசி!"

இடுப்பில் ஒத்தடப் பையோடு குப்புறப் படுத்தபடி அறிவித்தார் ஓய்வுபெற்ற தபால்காரர். பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்குச் சிரிப்பு தாளவில்லை.

திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலிலிருந்து ஒரு குரல் முனகியது.

"பெரியவரே, கதை விடாதீங்க, சிரிச்சா கழுத்து வலிக்குது. கழுத்து நல்லாத் திரும்பினாத்தான் வேலைன்னு அனுப்பிட்டாங்க. வீட்டுல அடுப்பு எரியணும். இந்த வைத்தியத்துல சரியாகுமா, அதை மட்டும் சொல்லுங்க."

"என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டே? நான் குடைக் கைப்பிடி மாதிரி வளைஞ்சு வந்தவன். தரையில போற எறும்பெல்லாம் எனக்குச் சொந்தக்காரங்க! இந்த மகராசிதான் நிமிர்த்தினா. போன வாரம் மார்க்கெட் முனையில ஒரு அம்மாவோட பை வார் பஸ் கதவுல மாட்டிக்கிச்சு. வண்டி கிளம்பிடுச்சு. அந்தம்மா கூடவே ஓடி, தடுக்கி விழப் போறாங்க. அம்பு மாதிரி பாஞ்சு விட்டேன் பாரு ஒரு அறை! பஸ் வெலவெலத்து நின்னுடுச்சு!"

"அடுத்தது கப்பலா ஐயா?" என்றாள் அவள்.

திரை மெல்ல விலகியது. கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பி உட்கார்ந்திருந்த அந்த மனிதர், தபால்காரரைப் பார்த்துக் கை கூப்பினார்.

"நிஜம்தான்மா. இந்தக் கழுத்தை வச்சுக்கிட்டு என்னால பக்கக் கண்ணாடியைப் பார்க்க முடியலை. டமார்னு சத்தம் கேட்டுத்தான் பிரேக் போட்டேன். அந்தம்மா உயிரோட இருக்காங்கன்னா ஐயாவாலதான். அது நான் ஓட்டின பஸ்."