கட்டிலுக்கு அடியில் ஒரு ஸ்டவ்

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில், ஜன்னலை ஒட்டிய பெஞ்சில் பாட்டுக்காரி, அவள் தோளில் சாய்ந்தபடி தூங்குமூஞ்சி. எதிர் பெஞ்சில் நெட்டை. நெட்டைக்கு வலப்பக்கம் வக்கீல்.

பக்கத்து மேஜையில், தூணை ஒட்டி, தனியாகக் குமாஸ்தா.

ஐந்து பேரும் பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம். விடுதிக்கு வந்து மூன்று மாதம்.

வக்கீல் படிப்பது சட்டம் இல்லை, கணக்கு. குழம்பில் உப்பு ஏன் குறைந்தது என்று முதல் வாரமே சமையல்காரரைக் குறுக்கு விசாரணை செய்ததில் வந்த பட்டம்.

குமாஸ்தாவுக்கு அந்தப் பெயரை வைத்தவளே வக்கீல்தான். அந்தப் பெண் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் எழுதுவாள். இரண்டு வரிக்கு ஒருமுறை தலையைத் தூக்கி இந்த மேஜையைப் பார்ப்பாள். இவர்கள் திரும்பினால் தண்ணீர்க் கூஜாவைப் புதிதாகக் கண்டவள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இஸ்திரிப் பெட்டி, அடுப்பு எதையும் அறையில் வைக்கக் கூடாது என்பது விடுதி விதி. முதல் மாதம் வக்கீலின் இஸ்திரிப் பெட்டி போனது. அடுத்த மாதம் வெந்நீர் போடும் மின்சாரக் காயில் போனது. இரண்டு தடவையும் வார்டன் அம்மா தேடவே இல்லை. ஒளித்து வைத்த இடத்துக்கு நேராக வந்து, எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாவது தடவை பிடிபட்டால் அறையைக் காலி செய்வதாக எழுதி வாங்கியிருந்தார்.

இந்த ஊரில் வக்கீலுக்கு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அறை போனால் படிப்பும் போனது என்று அப்பா முன்பே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

ஆகவே நேற்றுச் சாயங்காலம் டீ நேரத்தில் ஒரு வலை விரித்தாள். கட்டிலுக்கு அடியில் ஸ்டவ் வாங்கி வைத்திருப்பதாக, பக்கத்து மேஜைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். உண்மையில் ஸ்டவ்வும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

குனிந்தால் தெரிந்துவிடுமே என்று வராந்தாவில் நெட்டை கவலைப்பட்டாள். சும்மா சொன்னேன், பரண்மேல் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று அவள் காதோடு மட்டும் சொன்னாள் வக்கீல். யாரிடமும் முழு உண்மையைச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

இன்று காலை வார்டன் அம்மா வந்தார். கட்டில் பக்கம் குனியக்கூட இல்லை. ஸ்டூலைப் போட்டுப் பரணில் தலையை நுழைத்தார். தலை நிறையத் தூசியோடு இறங்கிப் போனார்.

குமாஸ்தா வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாக நெட்டை சொன்னாள். எல்லார் முன்னாலும் அவளை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்பது, பிறகு விடுதியை விட்டே அனுப்பச் சொல்லி மனு கொடுப்பது என்று நெட்டையே திட்டமும் போட்டாள். மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. குமாஸ்தா கையைக் கழுவியும் கழுவாமலும் ஆய்வக வகுப்புக்கு ஓடினாள். கூஜாவுக்குப் பக்கத்தில் ஒரு கடித உறை கிடந்தது, ஒட்டாமல்.

பாட்டுக்காரி எட்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே குமாஸ்தாவுடைய அம்மாவின் விலாசம். உள்ளே வரிசையாக இவர்களுடைய பட்டப்பெயர்கள்.

தூங்குமூஞ்சிக்கே தூக்கம் கலைந்துவிட்டது. ஆனாலும் அடுத்தவர் கடிதமாயிற்றே என்று இழுத்தாள்.

"நீ படிடி வக்கீல், சத்தமா படி. அவ வண்டவாளம் எல்லாருக்கும் தெரியட்டும்" என்றாள் நெட்டை.

வக்கீல் மனசுக்குள்ளேயே படித்தாள்.

'எனக்குச் சிநேகிதிகளே இல்லை, திரும்பி வந்துவிடு என்று இனிமேல் எழுதாதே அம்மா. இப்போதுகூட அவர்களோடு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஜன்னல் பக்கம் பாட்டுக்காரி. அவள் தோளில் தூங்குமூஞ்சி. எதிரே நெட்டைக்கும் வக்கீலுக்கும் நடுவில் நான். வக்கீல் கட்டிலுக்கு அடியில் ஒரு ஸ்டவ் வைத்திருக்கிறாள். அதில்தான் எனக்குப் பால் காய்ச்சித் தருகிறாள். இன்று காலை வார்டன் அம்மா பரணெல்லாம் பார்த்தாராம். நல்லவேளை, கட்டிலுக்கு அடியில் பார்க்கவில்லை. நீ யாரிடமும் சொல்லிவிடாதே.'

இன்னொரு முறை படித்தாள். மூன்றாம் முறை கடைசி வரிகளை மட்டும்.

ஆறு பேர் அறையில் நெட்டைக்குக் கதவோரக் கட்டில். மற்ற அறைகளில் காலியாகிற இடத்துக்குக் காத்திருப்போர் வரிசையில் முதல் பெயர் அவளுடையது. அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவளே வக்கீல்தான்.

என்ன எழுதியிருக்கிறாள் என்று நெட்டை தோளை இடித்தாள்.

"அவளுக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஸ்டவ் இன்னமும் கட்டிலுக்கு அடியிலதான்டி இருக்கு" என்றாள் வக்கீல்.

மற்ற இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. நெட்டை முகத்தில் ஈயாடவில்லை. தட்டில் மிச்சமிருந்ததை ஒரு பக்கமாக ஒதுக்கினாள், பிறகு மறுபக்கமாக ஒதுக்கினாள்.

வக்கீல் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தாள். தன் தட்டிலிருந்து இரண்டு பருக்கைச் சோற்றை எடுத்து நசுக்கி, விளிம்பில் தடவி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

கை கழுவிக்கொண்டு நேராக விடுதி வாசலுக்கு நடந்தாள். யாரையும் கூப்பிடவில்லை.

உறையைத் தபால் பெட்டியில் போட்டாள். உள்ளே விழுந்ததா என்று, பழக்கதோஷம், பெட்டியை ஒருதரம் தட்டிப் பார்த்தாள்.